உப்புத்தாள் எழுத்து

நான் சொல்லப்போவது நடந்ததுதானா, நடந்ததாக நான் வைத்துக்கொண்டதா என்று எனக்கு நிச்சயமில்லை. அட்டைகளை யோகப்பிரியா டீச்சர் தாமாகவே எடுத்துக் கொடுத்தார் என்கிறாள் சித்ரா. கேட்டு வாங்கினார்கள் என்பது என் நினைவு. சித்ரா என் மனைவி. பால் சொசைட்டியில் வேலை. அவளுக்கு எதுவும் நடந்த வரிசையில் நினைவிருக்கும். எனக்கு ஒரு கை, ஒரு குரல், ஒரு மேசை மூலை என்று துண்டுகளாகத்தான் தங்கும். இடையில் இருப்பதைப் பிறகு நானே இட்டு நிரப்பிக்கொள்வேன். நிறையப் படிக்கிறவர்களுக்கு இந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

ஒன்றில் மட்டும் எங்களுக்குள் பேதம் இல்லை. ஆண்டு விழா மேடையில் எங்கள் மகள் மௌனிகா வாய் திறக்கவில்லை.

எங்கள் ஊர் கோவிந்தாபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்துக்குள் இருக்கிறது. பஞ்சாயத்து வாசகசாலையை நான் பார்த்துக்கொள்கிறேன். காலையில் மலையாளப் பத்திரிகை படிக்கிறவர்கள் வந்து, தேர்தலைப் பற்றிச் சண்டை போட்டுவிட்டுப் போவார்கள். அப்புறம் பகல் முழுக்க நானும், தமிழ்ப் புத்தகங்கள் இருக்கிற ஒற்றை அலமாரியும்தான். பேச ஆளில்லாமல் இருப்பது எனக்கு ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை. அந்தக் குணம் மகளிடம் தெரிந்தபோதுதான் அது வியாதி ஆயிற்று.

மௌனிகா வீட்டில் சில சொற்கள் சொல்வாள். வாசலைத் தாண்டினால் அதுவும் கிடையாது. பாலக்காட்டில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். காது கேட்கிறது, நாக்கில் குறையில்லை, அவளுக்குத் தோன்றும்போது பேசுவாள் என்றார்.

"அவங்கப்பனுக்கே இன்னும் தோணலீங்க டாக்டர்" என்றாள் சித்ரா.

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தமிழ்க் குழந்தைகள் வகுப்பில் அவளைச் சேர்த்தோம். அந்தப் பள்ளியில் மலையாளமும் உண்டு, தமிழும் உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்துதான் சர்க்கார் சம்பளம். அதற்குக் கீழே இருக்கும் வகுப்பைப் பெற்றோர் சங்கமே நடத்தியது. டீச்சரை வைப்பதும் அவர்கள்தான், வேண்டாமென்றால் நிறுத்துவதும் அவர்கள்தான். அங்கே பிள்ளைகள் தங்கினால் ஜூன் மாதம் தமிழ் ஒன்றாம் வகுப்பு நிறையும். தங்காவிட்டால் அது இருக்காது.

யோகப்பிரியா டீச்சர் கொல்லங்கோட்டிலிருந்து பஸ்ஸில் வருவார். வகுப்பில் கரும்பலகை இருந்தது. அவர் அதை அதிகம் தொட்டு நான் பார்த்ததில்லை. எழுத்தைக் கண் அறிவதற்கு முன்பே விரல் அறிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. ஆசாரிகள் மரம் தேய்க்கிற உப்புத்தாளை எழுத்து எழுத்தாக வெட்டி, பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்தார். துணைக்கால் வெல்வெட் துணியில். கொம்பு கயிற்றுத் துண்டில். மெய்யெழுத்தின் தலையில் புள்ளிக்கு ஒரு மஞ்சாடி விதை, சிவப்பாகத் துருத்திக்கொண்டு இருக்கும். அட்டையைத் திருப்பினால் யாரோ ஒரு மணமகனின் பெயரும் முகூர்த்த நேரமும் தெரியும்.

பிள்ளை கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஆள்காட்டி விரலை எழுத்தின் மேல் வைத்து மெதுவாக நகர்த்த வேண்டும். சொரசொரப்பு விரலைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும். வழி தவறினால் விரல் வெறும் அட்டையில் வழுக்கி இறங்கிவிடும்; டீச்சர் தப்பு என்று சொல்லத் தேவையில்லை. எழுத்து முடிகிற இடத்தில் அதன் ஒலியைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகள் அட்டைகளை வீட்டுக்கும் எடுத்துப் போவார்கள். அதனால் சில அட்டைகளில் சர்க்கரைப் பாகு ஒட்டியிருக்கும், சிலவற்றில் எருமைச் சாணியின் வாசம்கூட அடிக்கும். டீச்சர் துடைத்துவிட்டு மறுபடி கொடுப்பார்.

வகுப்பு விட்டதும் மௌனிகா வாசகசாலைக்கு வந்துவிடுவாள். சித்ரா வேலை முடிந்து வரும்வரை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நான் படிப்பேன். அவள் ஜன்னலைப் பார்ப்பாள். பிப்ரவரி மாதம் என்று நினைக்கிறேன், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கூரை ஓடுகளைப் படபடவென்று தட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அவள் என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். முழங்கைக்குக் கீழே விரலால் எழுதினாள். ப என்று என் தோலுக்குத் தெரிந்தது. பிறகு துணைக்கால். பிறகு ல, அதன் மேல் நகத்தால் ஓர் அழுத்து.

"பால்" என்றாள்.

கையை அசைக்காமல் வைத்திருந்தேன். அசைத்தால் கலைந்துவிடும் என்று பட்டது. கொஞ்ச நேரம் பொறுத்து, மந்தபுத்திக்காரனிடம் சொல்வதுபோல, "அப்பா, பால்" என்று இன்னொரு தடவை சொன்னாள். வாசலுக்கு வெளியே அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது. யாரும் சொல்லிக்கொடுத்து அவள் திருப்பிச் சொல்லவில்லை. எழுத்துகளைச் சேர்த்துத் தானே படித்தாள்.

சாயங்காலம் சித்ராவிடம் சொன்னேன்.

"பசிச்சுருக்கும், பால் கேட்டுருக்கறா" என்றாள் அவள். "கேட்டதுக்கு வாங்கிக் குடுத்தீங்களா, இல்ல புஸ்தகத்த பாத்துட்டே இருந்தீங்களா?"

சித்ராவைக் குறை சொல்ல மாட்டேன். அவள் பத்தாவது வரை தமிழில் படித்தவள். சொசைட்டியில் வருகிற சுற்றறிக்கை மலையாளத்தில் இருக்கும், கம்ப்யூட்டர் இங்கிலீஷில் இருக்கும். ஆரம்பத்தில் ஒவ்வொரு தாளையும் இன்னொருத்தரிடம் நீட்டி அர்த்தம் கேட்டிருக்கிறாள். கேட்கும்போது அவர்கள் முகத்தில் வருவதை அவள் மறக்கவில்லை. கொல்லங்கோடு பக்கத்து இங்கிலீஷ் பள்ளியின் மஞ்சள் பஸ் எங்கள் தெருமுனையில் வந்து திரும்பும். மௌனிகாவை அதில் ஏற்றிவிட வேண்டும் என்பது அவள் விருப்பம்.

"அங்கே போனா இப்பப் பேசற ரெண்டு வார்த்தையும் நின்னுரும்" என்றேன்.

"இங்க மட்டும் பேசறாளாக்கும்."

அவள் வெகுநேரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"சரி, நான் ஒண்ணு சொல்றனுங்க. ஆண்டு விழாவுல புள்ளைங்க எல்லாம் படிச்சுக் காட்டுமாமா. அன்னைக்கு இவ என்ற கண்ணு முன்னால ஒரே ஒரு வார்த்தை படிக்கட்டும். படிச்சா யோகப்பிரியா டீச்சருகிட்டயே இருக்கட்டும், ஒண்ணாங் கிளாஸும் இங்கயே. படிக்கலீனா பஸ்ஸு. அப்புறம் நீங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

அது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் டீச்சரிடம் போய், மகள் என் கையில் எழுதியதையும் சித்ராவின் பந்தயத்தையும் சொன்னேன். அவர் அட்டைகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கூட்டத்துல அவ விரல் நீட்டுவாளாங்கறதுதாங்க எனக்குப் பயம். படிக்கறதுல பயமில்லீங்க. பால்ங்கறதையே வெச்சுக்கலாம். அந்த அட்டை மூணும் அவளுக்குத் தன்னோட துணிமணியாட்டம்."

அவரும் அதில் மாட்டியிருந்தார். மௌனிகா படித்துவிட்டால் ஊரே பேசும். பேசாத பெண்ணைப் படிக்க வைத்த வகுப்பு என்று வேறு பெற்றோரும் பிள்ளைகளை இங்கேயே விடுவார்கள். இதை அவர் வாயால் சொல்லவில்லை.

விழாவுக்கு முந்திய வாரம்தான் அட்டைகள் போயின. நான் மகளைக் கூப்பிட வகுப்பு வாசலில் நின்றிருந்தேன், அதனால் பார்த்தேன். அல்லது பார்த்தேன் என்று நினைக்கிறேன். பெற்றோர் சங்கத் தலைவர் பூபதிராஜா உள்ளே வந்தார். தென்னந்தோப்பும், பழைய பெரிய வீட்டுக்குரிய தறவாட்டுக் குணமும் உள்ள மனிதர். பள்ளிக்கூடத்துக்கு வருகிற தண்ணீர்க் குழாய் அவர் போட்டுக் கொடுத்தது. கெட்ட எண்ணம் என்று அவரிடம் மருந்துக்கும் கிடையாது. மேசையில் கிடந்த அட்டை ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், இதென்ன இது, மாட்டு மடி தொடைச்ச துணியாட்டம்?"

"கை பட்டுக் கை பட்டு அப்படித்தாங்க ஆகும். நல்லா வேலை செய்யுதுங்க."

"வேலை செய்யட்டும். கல்வி ஆபீசர் வர்றாங்களே, அவங்க முன்னால இதையா வெக்கறது? நாங்க என்னமோ பிச்சைக்காரப் பள்ளிக்கூடம் நடத்தறாப்பல இருக்கும். கண்ணாடி அலமாரி ஒண்ணு செஞ்சு வெக்கறேன், எங்கப்பா பேருல. அளவு பாக்கோணும், அட்டைய எல்லாம் குடுங்க."

டீச்சர் தயங்கினார். அந்தத் தயக்கத்தைச் சித்ரா பார்க்கவில்லை, அவள் அங்கே இல்லை. தலைமையாசிரியை ஜானகியம்மாள் கதவருகே நின்று, "குடுங்கோ யோகா, நல்லதுக்குத்தானே சொல்றார்" என்றார். அவர் கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர், அவர் எதையும் உரக்கச் சொல்வதில்லை, சொன்னால் அது முடிவு. டீச்சர் அட்டைகளை ஒரு துணிப்பையில் அடுக்கினார். கொடுக்கும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"ஈரம் மட்டும் படாமப் பாத்துக்கங்க. உப்புத்தாளு நனைஞ்சா மண்ணு உதுந்துரும்."

"ஈரமா? அதுகிட்டயே வராது டீச்சர். என்ற பொறுப்பு."

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

செக்போஸ்டை ஒட்டிக் கோபிநாத்தின் கடை இருக்கிறது. லாரிக்காரர்களின் பெர்மிட்டை நகலெடுத்து லேமினேஷன் போடுவதற்காக வைத்த கடை. பிறகு ஊரே அங்கே போகப் பழகிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு தாள் முக்கியமானது என்றால் அதைப் பிளாஸ்டிக்குக்குள் வைத்து அழுத்திவிட வேண்டும். ரேஷன் கார்டு, ஜாதகம், பட்டா, சபரிமலைக்குப் போன புகைப்படம். என் அப்பாவின் இறப்புச் சான்றிதழையும் என் கல்யாணப் பத்திரிகையையும் அங்கேதான் ஒரே நாளில் போட்டு வாங்கினோம். லேமினேஷன் போடாத தாளை வைத்திருப்பவன் எங்கள் ஊரில் சோம்பேறி. பூபதிராஜா வேறு எங்கே போவார்?

விழா அன்று பள்ளி முற்றத்தில் பந்தல். மேடையில் கல்வி ஆபீசர், ஜானகியம்மாள், பூபதிராஜா. சித்ரா அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். மௌனிகாவுக்குக் காலையில் தலை பின்னும்போது அவள் காதில் ஏதோ சொன்னதைப் பார்த்தேன். என்ன சொன்னாள் என்று இன்றுவரை கேட்கவில்லை.

பூபதிராஜா அலமாரியின் மேலிருந்த துணியை விலக்கினார். கண்ணாடிக்குப் பின்னால் அட்டைகள் வரிசையாக மின்னின. பந்தலில் கட்டியிருந்த டியூப்லைட் ஒவ்வொரு எழுத்தின் மேலும் ஒரு வெள்ளைக் கோடாக விழுந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். டீச்சர் மேடையின் ஓரத்தில் நின்றிருந்தார். போய் ஓர் அட்டையை எடுத்தார். பெருவிரலால் அதன் மேல் ஒரு தடவு. பிறகு இன்னொன்றை எடுத்தார். அதற்கும் ஒரு தடவு.

கோபிநாத் எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தான். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"சிரமம்ங்க வாசகசாலைக்காரரே. சொரசொரன்னு இருந்துதுங்களா, மெஷினு புடிக்கல. நல்லா சூடு ஏத்தி ரெண்டு தடவை வுட்டேன், இப்பப் பாருங்க கண்ணாடியாட்டம். அந்தச் செகப்புக் கொட்டை, கயிறு எல்லாம் வெச்சுட்டு வுட்டா ரோலரு போயிரும். அதான் பேத்துட்டு மார்க்கர்ல புள்ளி வெச்சுட்டேன். அச்சு அசல், வித்தியாசமே தெரியாது."

"விரலுக்குத் தெரியணுமே" என்றேன்.

"என்னதுங்க?"

ஒலிபெருக்கி இரைந்தது. அவன் திரும்பிக்கொண்டான்.

டீச்சர் ஜானகியம்மாளிடம் குனிந்து ஏதோ கேட்டார். படிப்பதை வகுப்பறையில் பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்க வேண்டும். ஜானகியம்மாள் கைக்கடிகாரத்தைக் காட்டினார். ஆபீசருக்கு இன்னொரு பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியிருந்தது.

மற்ற பிள்ளைகள் வந்து அட்டையைப் பார்த்துக் கத்தினார்கள். அம்மா, ஆடு, இலை. மனப்பாடம். தொட வேண்டிய அவசியம் அவர்களுக்கு எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். பூபதிராஜா ஆபீசரிடம் திரும்பித் திரும்பிச் சிரித்தார்.

கடைசியில் மௌனிகா. டீச்சர் கீழே முழங்காலிட்டு மூன்று அட்டைகளையும் மேசையில் வைத்தார். மௌனிகா கண்ணை மூடினாள்.

"புள்ள தூங்கப்போறாளாட்ட இருக்குது" என்றது பின்வரிசைக் குரல். சிரிப்பு.

அவள் விரலை வைத்தாள். விரல் நேராக வழுக்கி அட்டையின் மறுமுனைக்குப் போய் நின்றது. எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடி வழுக்கியது. கண்ணைத் திறக்காமலே விரலைத் தன் பாவாடையில் துடைத்துவிட்டு, மூன்றாம் தரமும் வைத்தாள். தப்பு தன் விரலில்தான் என்று நினைத்துவிட்டாள். எனக்கு அது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அவளுக்கு வழுக்குவது என்றால் தப்பு என்றுதான் அர்த்தம். அப்படித்தான் அந்த அட்டைகள் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தன.

பந்தல் அமைதியானது. எனக்கு அமைதி பிடிக்கும் என்று சொன்னேன். அந்த அமைதியை நான் இப்போதும் வெறுக்கிறேன்.

எழுந்தேன். "அந்தப் பிளாஸ்டிக்க எடுத்துட்டாப் படிப்பாளுங்க" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"அட, நம்ம வாசகசாலைக்காரருக்குப் பேச்சு வருதுங்களே" என்றார் பூபதிராஜா ஒலிபெருக்கியில். பந்தல் முழுக்கச் சிரித்தது. அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். "வெக்கப்படறா புள்ள. சாரமில்ல, பரவால்ல கண்ணு, இந்தா முட்டாயி." ஆபீசர் அவள் கன்னத்தைத் தட்டினார். அடுத்து நடனம் இருந்தது.

விழா முடியுமுன்பே டீச்சர் எங்கள் இருவரையும் மௌனிகாவையும் வகுப்பறைக்கு அழைத்துப் போனார். மேசையில் உட்கார்ந்து, ப எழுதிய அட்டையின் ஓரத்தைக் கத்தரித்துப் பிளாஸ்டிக்கை உரித்தார். உரியும்போது உப்புத்தாளின் மண் முழுவதும் பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. அட்டையில் பழுப்பாக ஒரு கறை மட்டும் மிஞ்சியது.

"அக்கா, ஒரு நிமிஷம் இருங்க" என்றார் சித்ராவிடம். "இவளுக்கு அட்டையே வேண்டாம். கண்ணு, அம்மா கைல எழுதிக் காட்டு. அப்பாவுக்கு எழுதுனியே, அது."

மௌனிகா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

சித்ரா என்ன செய்தாள் என்பது எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லாமல் நினைவிருக்கிறது. வளையல்களை முழங்கைக்கு ஏற்றிவிட்டு, மண்டியிட்டு, கையை மகளின் முன்னால் நீட்டினாள். நீட்டியபடியே இருந்தாள். வெளியே ஒரு பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு ஆரம்பித்தது. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.  மௌனிகா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

சித்ரா எழுந்தாள். வளையல்கள் இறங்கின.

"பாலு ஊத்த வந்துருவாங்க, நேரமாச்சு" என்றாள். வாசலில் நின்று, திரும்பாமல், "நானும் ஆசப்பட்டனுங்க டீச்சர்" என்றாள்.

அவ்வளவுதான். அதன்பின் எங்கள் வீட்டில் இதைப்பற்றிச் சண்டை நடக்கவில்லை. சண்டை போட என்ன இருந்தது? நான் ஒப்புக்கொண்ட பந்தயம். ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னது டீச்சர், பார்த்துக்கொண்டவர் பூபதிராஜா. யாரை நிறுத்திக் கேட்பது? டீச்சரே லேமினேஷன் போடச் சொன்னதாகத்தான் ஊரில் பேச்சு. சித்ராவும் அதை நம்புகிறாள். நான் திருத்தப் பார்த்தேன். "ஈரம் படக்கூடாதுன்னு சொன்னா வேற என்னத்தப் போடறதுங்க?" என்று கேட்டாள். 

அந்த ஜூனில் மௌனிகா மஞ்சள் பஸ்ஸில் ஏறினாள். இப்போது மூன்றாம் வகுப்பு. இங்கிலீஷும் மலையாளமும் வேகமாகப் படிக்கிறாள்; கேட்டால் பதில் சொல்கிறாள். அந்தப் பள்ளியில் தமிழ் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு எதையும் தொடுவதில்லை. பஸ் அவளை வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவதால் வாசகசாலைக்கு வருவதில்லை. தமிழ்க் குழந்தைகள் வகுப்பில் அடுத்த வருஷம் சேர ஆள் வரவில்லை, நிறுத்திவிட்டார்கள். தமிழ் ஒன்றாம் வகுப்பு அதற்கு அடுத்த வருஷம் போயிற்று. யோகப்பிரியா டீச்சர் பொள்ளாச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறார். ஒருமுறை பார்த்தேன், மௌனிகா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்டார். ஜானகியம்மாள் ஓய்வு பெற்றுக் கல்பாத்திக்குப் போய்விட்டார். கோபிநாத் புதிய மெஷின் வாங்கியிருக்கிறான். பூபதிராஜா இன்னும் சங்கத் தலைவர். அட்டைகள் அவர் அப்பா பெயர் எழுதிய கண்ணாடி அலமாரியில், தலைமையாசிரியர் அறையில் இருக்கின்றன. ப மட்டும் இல்லை. சித்ரா சொசைட்டியில் இருக்கிறாள். நான் காலையில் வாசகசாலையைத் திறந்து சாயங்காலம் பூட்டுகிறேன்.